ஒரு கையால் எடை பார்த்தவர்

கடை மேசையில் இரண்டு லேப்டாப்கள்; ஒன்று மெலிந்தது, மற்றது தடித்தது. இன்றும் விலைபோகாவிட்டால் தடித்தது குடோனுக்குப் போய்விடும்.

"உடம்பைக் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்டி," என்று சீண்டியது மெலிந்தது.

"கீழே விழுந்தா தெரியும், யாருக்கு உடம்பு வேணும்னு! என் கீபோர்டுல நாள் முழுக்கத் தட்டினாலும் விரல் வலிக்காது," என்று எகிறியது தடித்தது.

அலுவலகத்துக்கு வாங்க வந்த மேலாளர், இரண்டையும் ஒவ்வொன்றாக ஒரு கையால் தூக்கி எடை பார்த்தார். அவரோடு வந்திருந்த, அதே அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்க்கும் பூங்கோதை, தடித்ததில் ஒரு வரி தட்டிப் பார்த்தாள். அவளுக்கு நிறுத்தவே மனம் வரவில்லை.

"சார், இது..."

"வாங்குறது நீயாம்மா, நானா?" மேலாளர் மெலிந்ததைக் கட்டச் சொன்னார்.

பெட்டிக்குள் போகும்போது மெலிந்தது கேட்டது: "இவர் என்னை ஒரு தட்டுகூடத் தட்டிப் பார்க்கலையேடி?"

"அவரு எதுக்குடி தட்டணும்?" என்றது, குடோன் கவலையையும் மறந்த தடித்தது.

பூங்கோதை விரல்களை நீவிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் நடந்தாள்.