இரண்டு துளை வைத்த டேப் பெட்டி

சோபாவின் இந்த மூலையில் அப்பா, அந்த மூலையில் அம்மா. பேச்சுவார்த்தை நின்று நாலு நாள் ஆகிறது. காரணம் நடுவில் கிடக்கிறது: நடந்துகொண்டே பாட்டுக் கேட்கலாமென்று அப்பா யாரையும் கேட்காமல் வாங்கிவந்த கையடக்க டேப் பெட்டி. தண்டச் செலவு என்று சண்டை பிடித்த அம்மாவும் காதில் ஹெட்போன் மாட்டியிருக்கிறாள். இரண்டு பேர் கேட்க இரண்டு துளை. ஆனால் வயர் முழ நீளம்தான். அம்மா தண்ணீர் குடிக்க எழுந்தால் அப்பாவும் பெட்டியோடு பின்னாலேயே போய்த் திரும்புகிறார். ஜன்னல் வெயிலில் பெட்டிக்குள் சக்கரங்கள் சுற்றுவது தெரிகிறது. டக்கென்று பொத்தான் எழும்ப, சக்கரங்கள் நிற்கின்றன. இருவரும் ஹெட்போனைக் கழற்றவில்லை; கழற்றினால் பேச வேண்டிவரும். தலைகள் மட்டும் தாளம் தப்பாமல் ஆடுகின்றன. "டேப்பு நின்னு போச்சுப்பா," என்கிறேன். "எங்களுக்கு எதுவும் காதுல விழலை," என்கிறார்கள், இருவரும் ஒரே குரலில்.