இடது காலில் விழும் சொல்

ஹெட்போன் வயர் காலில் சிக்கியது.

அவள் கவனிக்கவில்லை. கட்டிலுக்கடியில் போன, கிதார் மீட்டும் பிக்கைத் தேடிக் குனிந்தாள். வயர் இழுபட்டு லேப்டாப்பிலிருந்து கழன்றது.

இவ்வளவு நாள் அவள் காதுக்குள் மட்டும் ஓடிய பாட்டு வீடெங்கும் ஓடியது.

முதலில் கிதார். நாலே சுரம், சுற்றிச் சுற்றி. அது கூடப் பரவாயில்லை.

அதன்மேல் ஒரு குரல்.

"சத்தம். சத்தம். சத்தத்தைக் கொறைங்கம்மா. சத்தம். சத்தம்."

கீழ்வீட்டு ஜெபமணி சாரின் குரல். வீட்டு ஓனர். ஞாயிறு மத்தியானத் தூக்கத்தில் இருப்பவர்.

போன வாரம் மாடியேறி வந்து வாசலில் நின்று சொன்னது அது. இன்னொரு தடவை சத்தம் வந்தால் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அவளும் தலையைத் தலையை ஆட்டினாள். அவர் இறங்கிப் போன பிறகுதான் பார்த்தாள், பாட்டுக்குப் போட்ட மைக்கை நிறுத்தவே இல்லை. வாங்கின திட்டு முழுக்கப் பதிவாகியிருந்தது.

அழிக்கத்தான் நினைத்தாள். சத்தியமாக.

அழிக்கும் முன் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். சார் பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் லெஃப்ட் ரைட் சொன்ன வாய், திட்டும்போதும் தாளத்தில்தான் நடந்தது.

அங்கங்கே வெட்டினாள். சுற்ற விட்டாள். மேலே கிதாரை வாசித்தாள்.

கடைசிச் சொல் மட்டும் லேசாகத் தடுக்கியது. எவ்வளவு நகர்த்தியும் சரியாக உட்காரவில்லை. ஆனாலும் பாட்டு முடிந்தது. பாதியில் விட்ட பாட்டுகள் லேப்டாப் நிறையக் கிடக்க, முடிந்த ஒரே பாட்டு இதுதான். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அது தெருமுனை வரை கேட்டது.

நிறுத்தப் பார்த்தாள். பழைய லேப்டாப். திரை அப்படியே நின்றுவிட்டது. பாட்டு நிற்கவில்லை.

மாடிப்படியில் செருப்புச் சத்தம்.

தனியாக இருக்கும் பெண்ணுக்குப் பாளையங்கோட்டையில் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எத்தனையோ வாசல் ஏறி இறங்கி, கடைசியில் சரி என்று சாவி தந்தவர் இவர்தான்.

தலையணையை எடுத்து லேப்டாப்பின் மேல் அமுக்கினாள்.

சத்தத்தைக் கொறைங்கம்மா, என்றது தலையணை. இன்னும் மரியாதையாக.

கதவு திறந்தேதான் கிடந்தது. சார் வந்து நின்றார். கைலி, பனியன், கன்னத்தில் பாய்க்கோடு.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது. தலையணையை எடுத்துவிட்டாள்.

அவர் கேட்டார். ஒரு சுற்று முடிந்தது. இன்னொரு சுற்று. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அழிச்சிருதேன் சார். இப்பவே."

அப்போதுதான் அவள் கீழே பார்த்தாள். அவருடைய கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கடைசிச் சொல்லு பிந்தி விழுது," என்றார். "அது இடது கால்ல விழணும். அன்னைக்குத் தூக்கக் கலக்கத்துல சொல்லிட்டேன்."

அவள் அவர் காலையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ சொல்லுதேன். எடுத்துக்கிடுதீங்களா?"

பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்து, மறுபடி போட்டாள். அது நிதானமாக உயிர் பெறும்வரை இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிரொலி வராமலிருக்க, துணி அலமாரிக்குள், சேலைகளுக்கு நடுவே மைக் தொங்கியது. சார் கைலியை இறக்கிவிட்டுக்கொண்டு அதன் முன்னே அட்டென்ஷனில் நின்றார்.

சொன்னார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

திருப்தியில்லை. தலையை ஆட்டிவிட்டு மறுபடி சொன்னார். மறுபடியும்.

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கீழேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"மேல என்ன சத்தம்? மனுஷி செத்த நேரம் கண்ணசர வேண்டாமா?"

சார் வாயை மூடிக்கொண்டார். படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். மைக்கைப் பார்த்தார். கால் கட்டைவிரல் மறுபடி தரையைத் தட்டத் தொடங்கியது.

பிறகு அவள் பக்கம் குனிந்து, குரலே எழாமல் கேட்டார்.

"ரெக்கார்டு ஓடுதுல்லா?"