இரண்டு குட்டு

பிள்ளையார் முன்னால் நின்று நெற்றிப்பொட்டில் இரண்டு குட்டு குட்டிக்கொண்டதும், பட்டாபியின் காதுக்குள் யாரோ "அப்பா" என்றார்கள்.

மகள் மாளவிகாவின் குரல்.

திரும்பிப் பார்த்தார். அவள் அங்கே இல்லை. எப்படி இருப்பாள்? அவள் இருப்பது பெங்களூரில். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் மஹேஷைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட நாளிலிருந்து, ஆறு வருஷமாக அவளோடு பேச்சு இல்லை. போனில் அவள் பெயர் தெரிந்தால் போதும், மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார்.

பழவங்ஙாடிப் பிள்ளையார் கோயிலில் வழக்கமான காலைக் கூட்டம். எட்டேகால் என்றால் பட்டாபி சன்னதி நடையில் நிற்பார். அதில் ஒரு நிமிஷம் மாறாது. அந்தப் பக்கம் தேங்காய்கள் சிதறிக்கொண்டிருந்தன. அவர் கழற்றிக் கொடுத்த சட்டையை, பையில் இருந்த போனோடு மடித்துக் கையில் போட்டுக்கொண்டு, சாவித்ரி கண்ணை மூடிப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

இது நான்காவது நாள்.

முதல் நாள், தேங்காய்ச் சத்தம்தான் அப்படிக் கேட்கிறது என்று நினைத்தார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. இத்தனை நாள் எட்டாத குக்கர் விசில், காக்கை, சாவித்ரியின் முணுமுணுப்பு எல்லாம் ஒரேயடியாக வந்து மொய்த்தன. அதில் இதுவும் ஒன்றாக இருக்கலாம்.

இரண்டாம் நாள், தப்பு தன் மனசில்தான் என்று தோன்றியது. சாமி முன்னால் நின்றுகொண்டு இவளை நினைப்பானேன்? தண்டனையாகப் பலமாக இன்னும் இரண்டு குட்டிக்கொண்டார். குரல் போய்விட்டது.

மூன்றாம் நாளும் அதேதான். இரண்டு குட்டினால் வருகிறது. மறுபடி இரண்டு குட்டினால் போகிறது.

மெஷினில் கோளாறோ? வாங்கின அன்று கடைப்பெண் ஓமனா நெடுநேரம் விளக்கினாள். ஆனால் மெஷின் அப்போது அவள் கையில் இருந்தது. பட்டாபிக்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை, தலையாட்டியதெல்லாம் சாவித்ரி. வெளியே வந்து விசாரித்தபோது, பாட்டரி தீராமல் இருக்க உள்ளே ஏதோ ஒரு பாகம் தூங்கிக்கொண்டே இருக்குமாம், தட்டினால் முழித்துக்கொள்ளுமாம் என்றாள். முழித்துக்கொண்டு என்ன செய்யும் என்று கேட்டார். அவள் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

கோளாறு மெஷினில் இல்லையென்றால் தலையில்தான். அந்தப் பயத்தில்தான் நேற்று, செருப்பு மாட்டும்போது, சாவித்ரியிடம் சொல்லிவிட்டார். அவள் பதறவில்லை.

"கூப்பிட்டா என்னன்னு கேக்கணும்னா. தலையிலே குட்டிண்டு விரட்டப்படாதாக்கும்."

இன்றும் கைகள் தாமாகவே உயர்ந்துவிட்டன. குட்டப் போனவர் நிறுத்திக்கொண்டார். காதுக்குள் யாரோ மூச்சு விடுவது கேட்டது. பிள்ளையாருக்கு இப்படியா மூச்சிரைக்கும்?

"என்னம்மா?" என்றார் பட்டாபி, மெதுவாக.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நடையில் எல்லோருமே பிள்ளையாரிடம் எதையாவது சொல்லிக்கொண்டுதான் நிற்பார்கள்.

காதுக்குள் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அவசரமாக:

"அப்பா, இன்னும் குட்டிக்காதேங்கோ. ரெண்டு தட்டினா உங்க காது மெஷின் போனை எடுக்குமாம், மறுபடி குட்டினா கட்டாயிடும்னு அம்மா சொன்னா."

பின்னால் நின்றவர் கொஞ்சம் மாறி நிற்கச் சொன்னார். பட்டாபி நகரவில்லை. இரண்டு முஷ்டிகளையும் காதோரம் தூக்கிப் பிடித்தபடி, எங்கே பட்டுவிடுமோ என்று மூச்சைக்கூட மெல்ல விட்டுக்கொண்டு நின்றார்.