படித்து முடித்ததும்

2024 ஜூலை 13, சனிக்கிழமை மாலை, விருத்தாசலம் ஜங்ஷன் அருகே தனியாக வசிக்கும் செல்வநாயகியிடம் ஆனந்தராஜ் ஒரு கதைப் புத்தகம் வாங்கிக்கொண்டார். பீங்கான் தொழிலாளர்களின் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து படிக்கும் மையத்துக்குப் புத்தகம் சேகரிக்கும் தன்னார்வலர் என்றே செல்வநாயகிக்கு அவரைத் தெரியும்.

"பீரோ நெறைய இருக்குதே சார். ஆட்டோ வச்சு மொத்தமா அள்ளிட்டுப் போங்களேன்?"

"வேணாங்கம்மா. ஒண்ணு போதும். புள்ளைங்க படிச்சு முடிச்சதும் வரேன்."

"டீக்காகத்தான் இழுத்தடிக்கிறீங்க."

"பாதி அதுக்குத்தான்."

அவரை விட்டால் அந்த வீட்டுக்கு வர வேறு ஆளில்லை. பிள்ளைகளின் சத்தத்தையாவது கேட்டுவிட்டு வரலாம் என்று, செவ்வாய்க்கிழமை பை நிறையப் புத்தகங்களோடு செல்வநாயகி ஆட்டோ ஏறினார். மையம் பூட்டியிருந்தது.

"அத மூடி ஒரு வருசம் ஆச்சேம்மா," என்றாள் எதிர் டீக்கடை வளர்மதி. "புள்ளைங்கள்லாம் டியூஷனுக்குப் போயிடுச்சுங்க. ஆனந்தராஜ் சாரு மட்டும் தெனம் வந்து அந்தப் படியில ஒக்காந்து கதைப் புஸ்தகம் படிச்சிட்டுப் போவாரு. சம்சாரம் தவறனப்புறம் வேற எங்க போவாரு, பாவம்!"

செல்வநாயகி பையோடு வீடு திரும்பினார்.

சனிக்கிழமை ஆனந்தராஜ் வந்தார்.

"புள்ளைங்க படிச்சு முடிச்சிட்டாங்களா சார்?"

"முடிச்சிட்டாங்கம்மா. அடுத்தத கேக்குறாங்க."

செல்வநாயகி டீ கொடுத்தார். பீரோவில் இருந்ததிலேயே மெல்லிய புத்தகமாகத் தேடி எடுத்து நீட்டினார்.

திங்கட்கிழமையே ஆனந்தராஜ் மறுபடி வந்தார்.