வெள்ளைக்கு மூன்று நோட்டு

'புகழேந்தி தப்பிக்க ஐந்து வழிகள். ஐந்தையும் அடைத்தாயிற்று.'

ஒரத்தநாடு போகும் பேருந்தில், அந்த வரிக்குக் கீழே எழில்மொழி சிவப்பு மையில் கோடு போட்டாள். உடனே சந்தேகம் வந்தது. ஐந்தையும் முதலிலிருந்து சரிபார்த்தாள்.

எட்டு மாதத்துக்கு முன், உரக்கடை மாடியில் நடக்கும் மாலைநேர செஸ் வகுப்பில், விதைக்கடை புகழேந்தி அவளுக்கு மேட் வைத்தான். வைத்த கையோடு ஆட்டக் கடிகாரத்தை அணைத்துவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் சொன்னான்: "ஈர நெல்லும்மா நீ. எந்தக் கொள்முதல் நிலையத்துலயும் எடுக்க மாட்டாங்க."

மாடியே சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் அவள் காதை விட்டு இறங்கவில்லை.

தோற்றவருக்கு, அதே ஆளோடு ஆடும் அடுத்த ஆட்டத்தில் வெள்ளைக் காய். அந்த வகுப்பின் வழக்கம் அது. அதை நம்பித்தான் எட்டு மாதமும் வெள்ளைக்கான தொடக்க ஆட்டங்களை மட்டும் படித்தாள். அவன் எதை நகர்த்தினால் எது பதிலடி என்று எழுதி எழுதி மூன்று நோட்டு நிரம்பிவிட்டது.

மாடியில், வகுப்பு நடத்தும் அப்துல் ஜலீல் சார் பலகையை விரித்திருந்தார். இன்று ஜெயிப்பவருக்குத்தான் மாவட்ட அணியில் இடம்.

புகழேந்தி நோட்டுகளைப் பார்த்தான். "என்ன எழிலு, பரீட்சையா?"

"உங்க கருமாதிப் பத்திரிகைங்க."

"அடேயப்பா!" ஒன்றை எடுத்துப் புரட்டினான். "எல்லாம் வெள்ளைக்கே இருக்கு. கருப்புக்கு ஒண்ணும் படிக்கலையா?"

"எதுக்குங்க? இன்னிக்கு வெள்ளை எனக்குத்தானே. கருப்புல எப்படிச் சாகறதுன்னு நீங்க பாருங்க."

எட்டு மாதமாகச் சேர்த்துவைத்த சொல். சொல்லி முடித்ததும் அவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வெள்ளைக் காய்களை ஒவ்வொன்றாகத் தன் பக்கம் அடுக்கினாள்.

புகழேந்தி கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு எழுந்தான்.

"சார், மனசாட்சி உறுத்துது. அன்னிக்கு நான் மேட் வைக்கிறதுக்கு முன்னாடியே என் டைம் முடிஞ்சுபோச்சு. இந்தப் பொண்ணு கவனிக்கலை."

சொல்லிக்கொண்டே பலகையைத் திருப்பி, வெள்ளையைத் தன் பக்கம் வைத்துக்கொண்டான்.

"போன தடவை தோத்தது நான்தான்."