வெங்கச்சங்கல்

நோன்பன்று ஊரே அடுப்பை அணைத்துவிட்டு, கோயிலிலிருந்து புது நெருப்பு எடுத்துப்போகும். புருஷன் செத்தபின் மறுமணம் செய்துகொண்ட பூவாயிக்கு மட்டும் நெருப்பு கிடையாது என்றார்கள். அவள் காட்டுக்குப் போனாள். கண்ணில் பட்ட வெள்ளைக் கற்களையெல்லாம் அரிவாள் முனையால் கீறிப் பார்த்தாள். கோடு விழுந்தவற்றை வீசினாள். சில கற்களில் கோடு விழவில்லை, அரிவாள்முனைதான் மழுங்கியது. அவற்றில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து, அதன் கூரான விளிம்பால் அரிவாளின் முதுகில் ஓங்கி அடித்தாள். கருக்கிவைத்திருந்த துணியில் பொறி விழுந்து கனன்றது.

கூரையில் புகையைப் பார்த்ததும் ஊர்த்தலைவர் வந்தார். "நெருப்பு ஆரு குடுத்தா?"

"இந்த வெங்கச்சங்கல்லுதானுங்க."

அவர் அதைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

பூவாயி அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினாள்.

"எறியுங்க. காடு பூராவும் அதுதானுங்க கெடக்குது."