வட்டு மாறிய நேரம்

ரயில் முன்பதிவு செய்யும் பெரிய கணினி ஒரு நொடியும் நிற்கக் கூடாது. நின்றால் வரிசையில் இருப்பவர்களின் இடம் போய்விடும். அதன் பழைய தகவல் வட்டுக்கு ஓய்வு கொடுக்கப் புதிய வட்டு வந்தது.

"எல்லாவற்றையும் நகல் எடுத்துவிட்டேன். இறங்குங்க அண்ணே!" என்றது புதியது.

"இரு தம்பி, ஒரு கோப்பு திறந்திருக்கிறது."

"ஒன்றுதானே? கழன்று வா!" என்று இணைப்புக் கம்பியை விரட்டியது புதியது.

"அந்த ஒன்றில் கல்யாணக் கூட்டமே ஏறிக்கொண்டிருக்கிறது. முப்பத்தாறு பேர்! மாப்பிள்ளை பெயர் இனிமேல்தான் வரும்" என்றது கம்பி.

புதியது வரும் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கியது.

மாப்பிள்ளையும் பதிவானார். அதற்கும் நகல் எடுத்து, கோப்பு மூடியதும், கம்பி மெல்லப் புதிய வட்டுக்கு மாறியது. பழையது சத்தமில்லாமல் இறங்கியது.

சற்றுக் கழித்து, மாறியதே தெரியாமல் கணினி கேட்டது: "ஏனப்பா, வட்டை எப்போது மாற்றுவார்கள்?"

"மாறியாச்சு ஐயா! கொஞ்சம் இருங்க, ஒரு கோப்பு திறந்திருக்கிறது" என்றது புதிய வட்டு.